சனிக்கிழமை, ஒன்பது மணி, ஹால்

என்னத்தை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருப்பாள்? மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்து டிவி ஸ்டாண்டுக்கு அடியில் விட்டபோதும் மங்கையர்க்கரசிக்கு இந்த ஒரு கேள்விதான். கண்ணாடியா? கண்ணாடி மூக்கிலேயே இருந்தது, பார்த்தாளே. சர்க்கரை மாத்திரையா? அதை மூன்று நாளைக்கு முன்பே இவளே வாங்கி, காலை மாலை என்று தனித்தனிக் கவரில் போட்டு, கவர்மேல் பேனாவால் எழுதி, பெட்டியின் பக்கப் பையில் செருகியாகிவிட்டது. ஆதார் கார்டு, அதன் நகல் இரண்டு, போட்டோ நான்கு, போன் சார்ஜர், தைலம். எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு டிக் அடித்தது யார்? இன்சூரன்ஸ் ஆபீசில் பதினெட்டு வருஷம் ஃபைல் பார்த்த கை. அந்தக் கைக்குத் தப்பி இந்த வீட்டில் ஒரு ஊசி மறந்துபோக முடியாது. அப்படியிருக்க மதினி எதற்கு வந்தாள்? எட்டு ஐம்பதுக்குக் கிளம்பிப் போனவள். புருஷன் நல்லசிவம் ஸ்கூட்டரில் முன்னால் பெட்டியை வைத்து, பின்னால் அக்காவை உட்கார வைத்து, மாட்டுத்தாவணியில் பத்து மணிக் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டு, தெருமுக்குத் திரும்பும் வரை இவள் பால்கனியில் நின்று கையும் ஆட்டியாயிற்று. உள்ளே வந்தாள், கடிகாரம் ஒன்பதைத் தொட்டது, வாளியை எடுத்தாள். பாதி ஹால் ஆகியிருக்கும், படியில் காலடிச் சத்தம். பார்த்தால் மதினி. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, வலது காலை வாசப்படிக்கு உள்ளே தூக்கிவிட்டாள். "நில்லுங்க மதினி! ஈரம், ஈரம். வழுக்கி விட்டுரும்," என்று இவள் மாப்பைக் குறுக்கே பிடித்தாள். பிடித்தாளா? ஆமாம், பிடித்தாள், ரயில்வே கேட்டை இறக்கினாற்போல. "என்ன மறந்துட்டீங்க, சொல்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்." மதினி தூக்கிய காலை அப்படியே பின்னால் வாங்கிக்கொண்டாள். வாளியைப் பார்த்தாள். ஈரத் தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லத்தா. நீ தொடை," என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

போகட்டும், காரைக்குடி என்ன கண்காணாத தேசமா, இரண்டு மணி நேரம், மறந்தது எதுவானாலும் கூரியரில் அனுப்பிவிடலாம் என்று அரசி உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி இழுத்துக்கொண்டே வந்தாள். அப்படித்தான் துடைக்க வேண்டும், துடைத்த இடத்தைத் தானே மிதிக்காமல் பின்னாலேயே நகர்ந்து வர வேண்டும். முப்பது நிமிஷத்துக்குமேல் ஒரு நாளைக்கு வீட்டைத் தொடக் கூடாது, முப்பது நிமிஷம் தொடாமலும் இருக்கக் கூடாது, இதுதான் அவள் கண்டுபிடித்த சட்டம். வேலைக்குப் போகிற வீடுகளில் அழுக்கு வாரம் முழுக்கப் பதுங்கிக் கிடந்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வந்து கழுத்தைப் பிடிக்கும். குளித்துச் சாப்பிடவே மணி மூன்றாகும், அப்புறம் ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுவார்கள், திங்கட்கிழமை இடுப்பு வலியோடு விடியும். அதற்குத்தான் ஃபிரிட்ஜ் கதவில் அந்த அட்டவணை. திங்கள் அடுப்படி மேடை, அரசி. செவ்வாய் பாத்ரூம், நல்லசிவம். புதன் அலமாரித் தூசி, யாழினி. வியாழன் ஃபிரிட்ஜ், மறுபடி அரசி. வெள்ளி ஃபேன் அல்லது ஜன்னல், நல்லசிவம். சனிக்கிழமை ஒன்பது மணி, ஹால், அரசி. ஞாயிறு ஓய்வு, அடியில் இரண்டு கோடு. ஆளுக்கு ஒரு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. ஆபீசில் போட்டோ எடுத்துக் காட்டியபோது அத்தனை பேரும் வாங்கிப் பார்த்தார்கள், கேஷியர் அம்மாள் தன் வீட்டுக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னாள். வேலையைப் பார்த்து மலைக்காதே, வெட்டிக் கூறுபோடு, கூறு சின்னதாகிவிட்டால் யாரும் செய்துவிடுவார்கள். சரியான யோசனைதானே? யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. மதினி ஏன் வாளியை அப்படிப் பார்த்தாள்? வாளியில் என்ன இருக்கிறது, ஃபினாயில் தண்ணீர். ஒரு ஆள் வாளியைப் பார்க்கிற பார்வையா அது? சோபாவுக்கு அடியில் மாப்பைத் தள்ளினாள். ஒரு நூல் அழுக்கு வரவில்லை. வருமா? இன்று காலை வரைக்கும் இந்த வீட்டில் இருந்தது யார்? அட்டவணை வந்து மூன்று மாதம் ஆனபிறகும், சோபாவுக்கு அடியிலே எறும்பு ஊர்ந்தால்கூட அவளுக்குத் தெரியும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் தெரியும்.

பாத்ரூம் கதவு திறந்தது. யாழினி தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பதினாலு வயசுப் பிள்ளை, காலையிலேயே அத்தை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, அத்தை படி இறங்குவதைப் பார்க்க மாட்டேன் என்று குளிக்கப் போனவள். கண் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. துடைத்த இடத்துக்கும் துடைக்காத இடத்துக்கும் நடுவில் வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா, இப்பவேவா தொடைக்கிற?" "சனிக்கிழமைல்ல. மணி என்னாச்சு பாரு." "அத்தை இப்பத்தானேம்மா போனாங்க? ஊருக்குப் போனவங்க போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைக் கூட்டக் கூடாது, தண்ணி விடக் கூடாதுன்னு அத்தையே சொல்வாங்கல்ல?" அரசி, "போடி, பெரிய மனுஷி. தலையைத் தொவட்டு மொதல்ல," என்றாள். சொல்லும்போதே கை நின்றுவிட்டது. யாழினி விரலை ஊன்றி ஈரத்தைத் தாண்டித் தாண்டி உள்ளே போனாள். ஜடை போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வர்றேம்மா என்று அவள் கிளம்பிப் போனதும்கூட அரசிக்கு எங்கோ நடப்பதுபோல இருந்தது. மாப் அதே இடத்தில் நின்று, அதைச் சுற்றி ஒரு தேங்கல் உண்டாகியிருந்தது.

தெரியாதா அவளுக்கு? கழுத்தில் தாலி ஏறி பதினாறு வருஷம் ஆனவளுக்கு இது தெரியாதா? நல்லசிவம் ஆபீஸ் வேலையாகச் சென்னை கிளம்பினால்கூட, அன்று முழுக்க மதினி விளக்குமாற்றைத் தொட மாட்டாள், தரையில் கொட்டிய காபியைத் துணியால் ஒற்றி எடுப்பாளே ஒழியத் தண்ணீர் விட மாட்டாள். போய்ச் சேர்ந்துட்டேன் என்று போன் வரவேண்டும், அப்புறம்தான் வாளி. ஏனென்றால் ஒரு ஆள் வாசல் தாண்டினதும் வீட்டைக் கழுவிவிடுவது ஒரே ஒரு போக்குக்குத்தான். மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு. சங்குச் சத்தம் தெருமுக்குத் திரும்பக்கூட இல்லை, பொம்பளைகள் எல்லாரும் எழுந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் குடத்தை வாங்கி, அப்பா படுத்திருந்த இடத்தில் ஊற்றியதே மதினிதான். அழுதுகொண்டேதான் ஊற்றினாள், ஊற்றின தண்ணீரை விளக்குமாற்றால் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள், உள்மூலையிலிருந்து வாசலை நோக்கி. அய்யோ. அவள் கண்ணில் இன்றைக்கு வேறு என்ன பட்டிருக்கும்? பத்து நிமிஷம். பத்தே நிமிஷத்தில் வீட்டில் தண்ணீர் விட்டாகிவிட்டது, நாத்தனார் போன தடம் தெரியாமல் ஃபினாயில் போட்டு. நான் வேண்டுமென்று செய்யவில்லை மதினி, சனிக்கிழமை, ஒன்பது மணி, ஹால், அவ்வளவுதான், கை தானாக வாளிக்குப் போய்விட்டது. இதை யார் நம்புவார்கள்? கையே ஒரு வேலையை நினைத்துச் செய்கிறது என்றால் அது யாருடைய கை? மேலூர் ரோட்டில் லாரிகள் போகிற வேகம். சீ, வாயைக் கழுவு. அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, ஆபீசில் எத்தனை விபத்து கிளெய்ம் பார்த்தாயிற்று, அவர்கள் வீட்டிலெல்லாம் யாரோ உடனே தரை துடைத்தார்களா என்ன? லாரி பயம்கூட இரண்டாம் பட்சம். மதினி பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, இந்த வாளியை நினைத்துக்கொண்டு காரைக்குடி வரைக்கும் போவாளே, அதை நிறுத்த வேண்டும். பஸ் எடுப்பதற்குள் நிறுத்த வேண்டும். மணி ஒன்பது நாற்பது.

போன் அடித்தாள். மதினியின் போன் சுவிட்ச் ஆஃப். ஊருக்குக் கிளம்பினால் சார்ஜ் போய்விடும் என்று அணைத்துப் பைக்குள் போடுகிறவள். நல்லசிவத்துக்கு அடித்தாள், மணி போய்க்கொண்டே இருந்தது, வண்டியில் இருப்பான், அல்லது பஸ் ஸ்டாண்ட் இரைச்சல். எடுத்தால்தான் என்ன சொல்வது? அக்காகிட்ட குடுங்க என்று சொல்லி, மதினி வந்ததும், மதினி நான் மறந்துட்டேன் என்று ஆரம்பித்தால், எதை மறந்தாய் என்றால்? உங்களை மறந்துட்டேன் என்றா? அட்டவணை எழுதிய அன்றைக்கும் இப்படித்தான். இல்லை, அன்றைக்கு மறக்கவில்லை, அன்றைக்கு நன்றாக யோசித்துத்தான் விட்டாள். ஐந்து வயசில் யாழினிக்கு அம்மை போட்டபோது வந்தவள் மதினி, புருஷன் போய், பிள்ளையும் இல்லாமல் புகுந்த வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவள், இரண்டு வாரம் பார்த்துக்கொள்ள வந்து ஒன்பது வருஷம் தங்கினாள். ஐந்து மணிக்கு விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால்தான் இந்த வீட்டில் விடிந்தது என்று அர்த்தம். அவளுக்கு மூட்டு வலி வந்தது, அதனால்தான் இந்த ஏற்பாடே, பாவம் அவளும் எத்தனை நாளைக்குக் குனிவாள், நாம் மூன்று பேரும் தடிமாடு மாதிரி இருக்கிறோமே, பகிர்ந்து செய்வோம் என்றுதான். எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாள். நல்லசிவம்கூட, "நீ செஞ்சதுலயே நல்ல காரியம் இதுதான் அரசி," என்றான். மதினி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் வந்து நின்று, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். "இதுல நான் எங்கத்தா இருக்கேன்?" என்றாள். இவள் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்! "நீங்க எதுலயுமே இல்ல மதினி! இனிமே உங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது." பரிசு கொடுக்கிறவள் குரலில் சொன்னாள். மதினியும் சிரித்தாள். மறுநாள் ஐந்து மணிக்குச் சத்தம் இல்லை.

மூட்டு வலிக்காக மட்டுமா? மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அரசி சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? அந்த எதிர்வீட்டு டீச்சர் புதிதாகக் குடிவந்த வாரம், படிக்கட்டில் மதினி முழங்காலை மடித்து உட்கார்ந்து படி துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் பையோடு இறங்கிய அரசியை நிறுத்தி அந்த டீச்சர், "இந்தம்மா ரொம்பச் சுத்தமா வேலை பாக்குறாங்களே. எங்க வீட்டுக்கும் ஒரு மணி நேரம் வருவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள். இவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவுங்க எங்க வீட்டுக்காரரோட சொந்த அக்கா. ஐந்து வார்த்தை. இந்த ஐந்து வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவள் சிரித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வந்து பேசுறேன்," என்று சொல்லிவிட்டு, துடைத்த ஈரப் படியின்மேல் செருப்புக் காலோடு இறங்கிப் போய்விட்டாள். மதினி இரண்டு படிக்குக் கீழேதான் இருந்தாள். கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க அவள் என்ன செவிடா? சாயங்காலம் காபி கொடுக்கும்போது ஒன்றும் கேட்கவில்லை, இவளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம்தான் ஸ்கேலை எடுத்துக் கட்டம் போட உட்கார்ந்தாள். இனிமேல் மதினி கையில் விளக்குமாறு இருக்காது, யாரும் எதையும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று இதைச் சொல்லிவிட முடியுமா? பிள்ளையார்தான் பிடித்தாளா முதலில்? டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, மூன்று நிற ஸ்கெட்ச் வாங்கி, அவமானம் தனக்கு வராத மாதிரி ஒரு அட்டவணை போட்டாள், அதற்குப் பெயர் இரக்கம். டிபன் தட்டை எடுத்துக் கழுவப் போன மதினி அதற்கப்புறம் நின்று, "இது யாரு முறைத்தா?" என்று கேட்க ஆரம்பித்தாள். முறை! விருந்துக்கு வந்தவள் கேட்கிற மாதிரி. சும்மா உட்கார்ந்து, சும்மா டிவி பார்த்து, நடுவிலே யாராவது துடைக்க வந்தால் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு. ரெண்டு மாதம் தாக்குப் பிடித்தாள். கோயிலில் பழகின யாரோ சொல்லி, காரைக்குடியில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வந்தது. "முப்பது ரூமாம்த்தா. கூட்டித் தொடைக்க ஆளு இருக்காம், நான் நின்னு பாத்துக்கிட்டாப் போதுமாம்," என்றாள். ஐம்பத்திரண்டு வயசில் சாமான் கட்டினாள். போகாதீங்க மதினி என்று அரசி சொன்னாள், சொல்லாமல் இல்லை, ஆனால் மறுநாளே மாத்திரைக் கவர் வாங்கி வந்துவிட்டாள்.

எழுந்து மதினியின் அறைக்குப் போனாள். ஏதாவது ஒன்று கண்ணில் படட்டும், ஒரு துண்டு, ஒரு சீப்பு, இதைத்தான் மறந்துவிட்டுத் தேடி வந்தாள் என்று தீர்ந்துவிடும், மதினி இந்தாங்க என்று இப்போதே ஆட்டோ பிடித்துப் போய்விடலாம். அறை சுத்தமாக இருந்தது. படுக்கை விரிப்பு மடிந்திருந்தது, தலையணை உறை கழற்றித் துவைத்துக் கொடியில் கிடந்தது, அலமாரிப் பலகையில் பழைய பேப்பரை எடுத்துவிட்டுப் புதுசு விரித்திருந்தாள். தரை நேற்றே துடைத்தது, போவதற்கு முந்தியே, முறைப்படி. இந்த அறைக்கு அட்டவணையில் கட்டமே கிடையாது என்பது அரசிக்கு இப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக இதை யார் கூட்டினார்கள் என்று அவள் யோசித்ததே இல்லை. கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றையும் மறக்காதவள் எதற்காக இரண்டு மாடி ஏறினாள், வலிக்கிற மூட்டை வைத்துக்கொண்டு? தன்னைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கவா? ஏதாவது சொல்லவா, அந்தப் படிக்கட்டு விஷயத்தையா, அல்லது போகவில்லை அரசி என்று சொல்லவா? அந்தக் கால் உள்ளே ஊன்றியிருந்தால் தெரிந்திருக்கும். வழுக்கியிருந்தால் என்ன, பிடித்துக்கொண்டிருக்கலாமே, கை எதற்கு இருக்கிறது? மறுபடியும் போன். சுவிட்ச் ஆஃப். மணி பத்து ஐந்து. பஸ் எடுத்திருப்பான். அரசிக்கு அழுகை வந்தது, கட்டிலில் உட்காராமல், விரிப்புக் கசங்கிவிடும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்று முடிவு செய்தாள். அவன் வரட்டும். வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், டீச்சர் சொன்னது, தான் சிரித்தது, அட்டவணை, வாளி, குறுக்கே பிடித்தது வரைக்கும். சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸிலேயே இரண்டு பேரும் காரைக்குடி போய், அந்த ஹாஸ்டல் வாசலில் நின்று வாங்க மதினி வீட்டுக்கு என்று கூப்பிட வேண்டும். வருவாள். கூப்பிட்டால் வராமல் இருக்க அவள் என்ன கல்நெஞ்சுக்காரியா?

பத்தே முக்காலுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நல்லசிவம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தான், வாசலில் நின்று, பாதி காய்ந்து பாதி தூசியாகக் கிடந்த தரையைப் பார்த்து, "வரலாமா?" என்றான். "வாங்க," என்றாள். அவன் உள்ளே வந்து சோபாவில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். "ஜன்னல் சீட்டே கெடச்சுச்சு. போன உடனே போன் பண்றேன்னா." அரசி எதிரில் வந்து நின்றாள். முதல் வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குள் அவனே, "உன்னை நெனச்சா எனக்கு இன்னிக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கு அரசி," என்றான். "எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம், அக்கா மனசு கசந்து போறாளோன்னு. முக்குத் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், ஒரு பூனை குறுக்க ஓடிருச்சு. வண்டிய நிறுத்துய்யாங்கிறா. வீட்டுக்குள்ள போயி செத்த உக்காந்து, அரசி கையால ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி கெளம்புனாத்தான் போற காரியம் நல்லாருக்கும்ங்கிறா. சரின்னு திருப்புனேன். எறங்கி வந்ததும் கேட்டேன், குடிச்சியாக்கான்னு. குடிச்சேன்ய்யா, உள்ள கூட்டிட்டுப் போயி சேர் போட்டு உக்கார வச்சு, சொம்பு நெறையக் குடுத்தா, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனான்னு சொல்றா. பஸ்ல ஏறுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தா. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"நல்ல வேளை, வீட்ல இருந்தே. நல்லாக் குடிச்சாளா?"

அரசி வாயைத் திறந்தாள்.

"ம். குடிச்சாங்க," என்றாள்.